மழைக்காலத்தில் மின்சைக்கிள்: எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது?

கேள்வி – பாகான் வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் பகுதியில் வசிக்கிறேன். வேலை பினாங்குத் தீவில், லெபோ பந்தாய் அருகில் உள்ள ஓர் அலுவலகத்தில். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால், காலையிலும் மாலையிலும் சைக்கிளோடு பெர்ரியில் ஏறித்தான் போய்வருகிறேன். என்னுடையது 20 அங்குலச் சக்கரமும் பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டாரும் கொண்ட மடக்கு வகை மின்சைக்கிள். 36 வோல்ட் பேட்டரி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு சிறிய பெட்டிக்குள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இருக்கிறது.

போன வாரம் மாலை வேலை முடிந்து திரும்பும்போது வழியிலேயே நல்ல மழை பிடித்துக்கொண்டது. பெர்ரித் துறையை நெருங்கும் நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. கைப்பிடியில் உள்ள திரை வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி அளவும் காட்டியது. ஆனால் மிதித்தாலும் சரி, த்ராட்டிலைத் திருகினாலும் சரி, மோட்டார் அசையவில்லை. மறுநாள் மதியத்திற்குள் எதுவுமே நடக்காததுபோல் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "மழையில் தாராளமாக ஓட்டலாம், ஆனால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலை இடிமழை ஒரு பக்கம் இருக்க, விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்திராக் காற்றுமழை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. ஆகவே மழையைத் தவிர்த்து ஓட்டுவது எனக்கு நடக்கிற காரியமில்லை. இந்த வகை வண்டி எவ்வளவு மழையைத் தாங்கும், எந்தெந்த இடங்களை மூட வேண்டும், நனைந்து வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் – ஜெலுத்தோங் பட்டறை

வணக்கம் தம்பி. முதலில் மோட்டார் ஏன் நின்றது என்பதைப் பார்த்துவிடுவோம். திரை எரிந்துகொண்டிருந்தது என்பதால் பேட்டரியும் அதிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் முதன்மைக் கம்பிகளும் நன்றாக இருந்தன என்று கொள்ளலாம். மழையில் நின்று, காய்ந்ததும் தானாகச் சரியாகும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பிரேக் கைப்பிடிக்குள் இருக்கும் சிறிய சுவிட்சைத்தான். நீங்கள் பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கன்ட்ரோலருக்குத் தகவல் தருவது அதுதான். அதற்குள் நீர் புகுந்துவிட்டால், நீங்கள் பிரேக்கைத் தொடாமல் இருந்தாலும் தொட்டுக்கொண்டே இருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும், மோட்டார் ஓடாது.

இதைச் சோதிப்பது எளிது. பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். பிரேக் கைப்பிடியிலிருந்து வரும் மெல்லிய கம்பி கைப்பிடித் தண்டுக்கு அருகில் ஒரு சிறிய கனெக்டரில் முடியும். கைப்பிடியின் மேல் ஈரத்துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், இடது பக்கக் கனெக்டரை மட்டும் கழற்றிப் பாருங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு வலது பக்கத்தைக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மோட்டார் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கோளாறு. ஆனால் இது சோதனைக்கு மட்டுமே. கழற்றிய நிலையிலேயே சாலையில் ஓட்டினால், பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும்; ஈரச் சாலையில் அது ஆபத்து.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது மிதிகட்டைக்கு அருகில் காந்த வளையத்தோடு இருக்கும், நீங்கள் மிதிப்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் உணரி. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் நேராகப் போய் அடிக்கும் இடம் அதுதான். மழையென்றால் எல்லாரும் மேலிருந்து விழும் நீரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மேலிருந்து விழுவது சட்டத்தின் மீது வழிந்து போய்விடும்; சக்கரம் கீழிருந்து மணலும் எண்ணெயும் கலந்து விசையோடு அடிக்கும் நீர்தான் இடுக்குகளுக்குள் புகுகிறது. மடக்கு வண்டிகளில் முன்பக்க மட்கார்டு குட்டையாக இருக்கும். அதன் நுனியில் தரையை நோக்கி ஒரு ரப்பர்த் துண்டைத் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். என் பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு நான் முதலில் செய்வது இதைத்தான், பலர் இதை ஒரு வேலையாகவே மதிப்பதில்லை என்றாலும்.

எவ்வளவு மழையைத் தாங்கும் என்ற கேள்விக்கு, பேட்டரியிலோ கையேட்டிலோ ஐபி என்று தொடங்கும் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். ஐரோப்பாவில் மின்சைக்கிள்களுக்கான ஈஎன் 15194 தரநிலை மின்பாகங்களுக்குக் கேட்பதும் இந்த அளவைத்தான். ஐபிஎக்ஸ்5 சோதனையில் 6.3 மில்லிமீட்டர் வாய் கொண்ட குழாயிலிருந்து நிமிடத்திற்கு 12.5 லிட்டர் வீதம் நீரைப் பீய்ச்சுவார்கள். ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கி இருப்பது. ஆனால் அது அசையாத நீரில் செய்யப்படும் சோதனை என்பதால், அந்த எண் மட்டும் இருந்தால் பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தச் சோதனைகள் புதிய பொருளின் மீது செய்யப்படுபவை. நம் ஊர் வெயிலில் கிடந்த ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் விறைத்து வெடித்துவிடும். மேலும் பேட்டரியின் மேல் அச்சிட்ட எண் பேட்டரிக்கு மட்டுமே உரியது. திரைக்கும் பிரேக் சுவிட்சுக்கும் வேறு எண் இருக்கலாம், எண்ணே இல்லாமலும் இருக்கலாம். என் கணிப்பில் உங்கள் வண்டி சாதாரண மழையைத் தாங்கும். ரப்பர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவுவதைத் தாங்காது. தேங்கிய நீரில் இறங்குவதைக் கண்டிப்பாகத் தாங்காது.

பதில் – சேராஸ் ஓட்டி

நான் கோலாலம்பூரில் சில ஆண்டுகளாக மின்சைக்கிள் ஓட்டி வருகிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் இங்கே பெய்யும் மழை உங்களுக்கும் தெரிந்ததுதான். என் வழி மிகவும் எளியது: வன்பொருள் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் குழம்பை வாங்கி, கன்ட்ரோலர்ப் பெட்டியின் விளிம்புகள், கம்பி நுழையும் துளைகள், கனெக்டர்கள், மோட்டாரில் கம்பி நுழையும் இடம் என்று ஓர் இடம் விடாமல் பூசி அடைத்துவிட்டேன். அதற்கு மேல் கனெக்டர்களைச் சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டேன். இதுவரை எந்தக் கோளாறும் வரவில்லை. முழுவதுமாக அடைத்துவிட்டால் நீர் எப்படிப் புகும்?

பதில் – பாயான் லெப்பாஸ் பொறியாளர்

சேராஸ் நண்பரின் வண்டி இதுவரை நன்றாக ஓடுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அவர் சொல்லும் வழியைப் பாகான் வாசி அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து. இங்கே தொழிற்பேட்டையில் மின்சுற்றுப் பலகைகளோடுதான் எனக்கு அன்றாட வேலை என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது சிலிக்கோனைப் பற்றியது. பூசும்போது காடி நெடி அடிக்கிறதே, அந்த வகை உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. குளியலறைத் தொட்டிக்கும் கண்ணாடிக்கும் அதனால் பாதிப்பு இல்லை. செம்புக் கம்பிக்கும் பற்றாசு வைத்த இடங்களுக்கும் அது நஞ்சு. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் நின்று, மழைநீர் செய்யாத அரிப்பை அதுவே செய்துவிடும். மின்பாகங்களுக்கு அருகில் சிலிக்கோன் பூசியே தீர வேண்டுமென்றால், நெடியில்லாத, நடுநிலையாக உலரும் வகை என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. நன்றாக ஓடிய மோட்டாரின் உட்புறம் எளிதாக 60 பாகை செல்சியஸ் வரை சூடாகிவிடும். அந்த நேரத்தில் மழை பிடித்து உறை சட்டென்று 25 பாகைக்கு இறங்கினால், உள்ளே அடைபட்ட காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். அப்போது உள்ளே அழுத்தம் குறைந்து, எங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியாக வெளியிலிருந்து ஈரக்காற்றையும், அந்த இடத்தில் நீர் நின்றால் அந்த நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் நாம் பூசும் எந்தப் பூச்சும் இந்த உறிஞ்சலை முழுமையாகத் தடுக்காது. புகுந்த நீர் வெளியேறுவதைத் தடுக்க மட்டும் அது நன்றாகவே உதவும். உள்ளே தங்கிய ஈரம், மோட்டார் சுழலும் நிலையை உணரும் ஹால் உணரிகளின் கால்களையும் தாங்குருளைகளையும் மெல்ல அரிக்கும். அது வெளியே தெரிய மாதங்கள் ஆகலாம்.

ஆகவே மேலேயும் பக்கங்களிலும் மூடுங்கள், அடியில் திறந்து விடுங்கள். கன்ட்ரோலர்ப் பெட்டியின் மேல்விளிம்பை அடைத்தால் போதும். கீழே சிறு துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள், இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். கம்பிகள் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். பின்சக்கர அச்சின் வழியாக மோட்டாருக்குள் போகும் கம்பியைக் கவனியுங்கள்: அது சட்டத்திலிருந்து நேராகச் சரிந்து அச்சுக்குள் இறங்கினால், மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். கம்பி அச்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டுப் பிறகு மேலேறி நுழையும்படி கட்டினால், நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இதற்குப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்று போதும்.

கனெக்டர்களுக்குக் குழம்பு வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பாருங்கள். ஊசிகளின் அடியில் பச்சை நிறப் பொடி படிந்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே போய்வந்திருக்கிறது என்று பொருள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மெல்லிய தூரிகையால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு, ரப்பர் விளிம்பில் மட்டும் மின்கடத்தாத சிலிக்கோன் கிரீசை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வட்ட வடிவக் கனெக்டர்களில் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கும். அவற்றை நேராக்கி, இடையில் கோடு தெரியாத வரை அழுத்த வேண்டும். பாதி மட்டும் உள்ளே போன கனெக்டர் வெளியிலிருந்து பார்க்க மாட்டியதுபோலவே தெரியும்; மழையில்தான் வேலையைக் காட்டும். பிளாஸ்டிக் தாள் சுற்றுவதும் நம் ஊரின் ஈரப்பதத்திற்கு உதவாது, இரவில் குளிர்ந்ததும் தாளின் உட்புறத்தில் வியர்த்துவிடும். ஓட்டும் நேரத்தில் திரையின் மேல் ஒரு பையை மாட்டிக்கொள்வதில் தவறில்லை. போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

பதில் – ஆயர் ஈத்தாம் அக்கா

தம்பி, மற்றவர்கள் மோட்டாரையும் கம்பியையும் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் பேட்டரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மோட்டார் கெட்டால் காசுதான் போகும், பேட்டரி கெட்டால் வீடே எரியலாம்.

நனைந்த பேட்டரியை வீட்டுக்குள் வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். வெளிப்புறத்தைத் துடைத்து, சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து, துளை கீழே பார்க்கும்படி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஊசிகள் முழுவதும் உலர்ந்த பிறகுதான் சார்ஜரைச் செருக வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும், தலை உலர்த்தியால் சுடக் காட்டுவதும் கூடாது. 45 பாகைக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. மேலும் சார்ஜர் என்பது பெரும்பாலும் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டது. அடுக்குமாடியில் சாரல் அடிக்கும் நடைபாதையில் நீட்டிப்புக் கம்பியைப் போட்டு சார்ஜ் செய்பவர்களை நான் அன்றாடம் பார்க்கிறேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

மழையில் நனைவது வேறு, வெள்ளத்தில் மூழ்குவது வேறு. 2017 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பினாங்கில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் சுங்கை பினாங் ஆற்றுநீர் கடலுக்குள் இறங்க முடியாமல் பி. ரம்லி சாலைப் பக்கம் நீர் ஏறிவிடும். மூழ்கிய பேட்டரிக்குள் நீர் புகுந்து, உள்ளிருக்கும் பலகை அரித்து, சில நாட்கள் கழித்துக்கூட அது தீப்பிடிக்கலாம். ஆகவே அது காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் சார்ஜ் செய்யாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள். எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத வெளியிடத்தில் வைத்துவிட்டு, விற்ற கடையைத் தொடர்புகொள்ளுங்கள்.

எவ்வளவு நீர் வரை போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 20 அங்குலச் சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மோட்டாரின் அடிப்பாகம் அதைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே. அதாவது நீர் ஒரு சாணைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் நனையத் தொடங்கிவிடும். பலர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் போதும் என்று நினைக்கிறார்கள். ஓட்டினாலும் தள்ளினாலும் மோட்டார் அதே உயரத்தில்தான் இருக்கிறது! திரும்பிப் போங்கள், அது முடியாவிட்டால் மின்சாரத்தை அணைத்து, பேட்டரியைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கடந்து வாருங்கள்.

இடிமழைக்குக் கடைவரிசையின் முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நில்லுங்கள், அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தொங்கும் போஞ்சோ வேண்டாம், சக்கரத்தில் சிக்கும். சட்டை தனி, கால்சட்டை தனி என்ற மழையுடுப்பே நல்லது.

மறுமொழி – பாகான் வாசி

அனைவருக்கும் நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி இரண்டு கைப்பிடிகளையும் ஈரத்துணியால் சுற்றிச் சோதித்தேன். சிறிது நேரத்தில் மோட்டார் நின்றது; வலது பிரேக்கின் கனெக்டரைக் கழற்றியதும் ஓடியது. அதன் உள்ளே பார்த்தால், பொறியாளர் சொன்ன அதே பச்சைப் பொடி. கம்பி அச்சுக்கு மேலிருந்து நேராகச் சரிந்து இறங்குவதையும் கவனித்து, வளைவாகக் கட்டிவிட்டேன். கன்ட்ரோலர்ப் பெட்டியின் அடியில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறது. நல்லவேளையாக அதை யாரும் அடைக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். அன்றாடம் பெர்ரியில் போவதால் காற்றடிக்கும் நாட்களில் கடல்நீர்ச் சாரல் வண்டியின் மேல் படுகிறது. மழைநீரும் உப்புநீரும் ஒன்றுதானா, அல்லது தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில் – ஜெலுத்தோங் பட்டறை

ஒன்றல்ல, தம்பி. மழைநீர் காய்ந்தால் போய்விடும். உப்புநீர் காய்ந்தால் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்து அரித்துக்கொண்டிருக்கும். பெர்ரியில் திறந்த முனைகளுக்கு அருகில் நிறுத்தாமல் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். காற்றடித்த நாளில் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டம், கைப்பிடி, கனெக்டர்களின் வெளிப்புறம், சக்கரக் கம்பிகள் ஆகியவற்றைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். உப்புப் போகட்டும் என்று கார் கழுவும் கடையில் அழுத்த நீரைப் பீய்ச்ச விடாதீர்கள். சங்கிலிக்கு ஈரம் தாங்கும் எண்ணெயைப் போட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். அது டிஸ்க் பிரேக் தட்டில் ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது. துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சங்கிலிக்கும் தாங்குருளைக்கும் அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இருக்கிற கிரீசையும் கரைத்துவிடும்.

வலது பிரேக் சுவிட்சைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்றாலும், ஒருமுறை பச்சை பிடித்தது திரும்பவும் பிடிக்கும் என்பதால் மாற்றிவிடுவதே நல்லது. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதில் இரண்டு கம்பியா மூன்று கம்பியா என்று பார்த்து, அதே வகையைக் கேளுங்கள். இரண்டு கம்பி வெறும் சுவிட்ச், மூன்று கம்பி காந்த உணரி. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வேலை செய்யாது.